யாருக்கு நல்லது கருப்பட்டி?

‘நல்ல சாப்பாடு’ என்று சொல்கிறோமே, அந்த ‘நல்ல’ யாருக்கு? சாப்பிடுகிறவருக்கா, விளைந்த மண்ணுக்கா, பாடுபட்டவருக்கா? இயற்கை அங்காடியில் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். உடலுக்கு நல்லது, ரசாயனம் இல்லாதது, நம் பாரம்பரியம் என்று எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். ஒன்று உண்மை என்றால் மற்றதும் தானாக உண்மையாகிவிடும் என்று நாமும் நம்பி வாங்கிவிடுகிறோம். குலசேகரன்பட்டினத்துப் பக்கம் விளைகிற கருப்பட்டியை வைத்து யோசித்தால் இந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

குலசை என்றதும் இன்று தசரா ஞாபகம் வரும், இல்லையென்றால் ராக்கெட். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் தனி ரயிலே ஓடியிருக்கிறது. அதுவும் பனைக்காக. பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை ஒன்று இங்கே இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பனைவெல்லத்தை வாங்கி வெள்ளைச் சர்க்கரையாக்குவது அதன் வேலை. திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் அவர்களே ஒரு குட்டி ரயிலை விட்டார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அந்தப் பாதை 1940இல் மூடப்பட்டது.

அன்றைக்குக் கருப்பட்டி ஏழைச் சரக்கு. வெளுத்தால்தான் அதற்கு மரியாதை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். சீனியைப் போட்டுக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறார்கள். பதனீர்க் காலம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் புதுக் கருப்பட்டி வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

கலப்படத்தைத் திட்டுவது சுலபம். எனக்கு அதைவிடச் சங்கடமான கேள்வி, கலப்படமே இல்லாத கருப்பட்டியைப் பற்றியது. அது உடம்புக்கு நல்லதா?

பதனீரில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்புச் சீனியிலும் அதுவேதான். காய்ச்சி இறுக்கிய கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் ஒரு காபிக்குப் போடுகிற துண்டில் அது எவ்வளவு இருந்துவிடும்? ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அதைவிட அதிகம் தரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரைகளின் பங்கு ஒருநாள் உணவாற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரிக்கு அது 50 கிராம். அதையும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். அந்தக் கணக்கில் தேனுக்கே விலக்கு இல்லை, கருப்பட்டிக்கு எப்படி இருக்கும்? 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். அவர்களிடம் போய் ‘இது கருப்பட்டி காபிதான், தாராளமா குடிங்க’ என்று நெடுஞ்சாலைக் கடைகள் பலகை வைக்கின்றன. இதை அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

இங்கே என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘அந்தப் பலகையாலதானே பனை இன்னும் நிக்குது? ஒரு சின்னப் பொய்யால ஒரு மரம் பிழைச்சா என்ன குறைஞ்சுபோச்சு?’

இதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மரத்தின் பக்கம் நியாயம் அவ்வளவு வலுவாக இருக்கிறது. தேரி மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றடித்தால் நகர்ந்து போகிற செம்மணல். அதில் தண்ணீர் பாய்ச்சாமல், உரமோ மருந்தோ காட்டாமல், ஒரு மனித ஆயுளுக்கு மேல் பனை நிற்கிறது. ‘நீடித்த வேளாண்மை’ என்று கருத்தரங்குகளில் தேடுகிற பொருள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது என்றே சொல்லலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த மண்ணையும் வறட்சியையும் வைத்துத்தான்.

சரி, மண்ணுக்கு நல்லது. பாடுபடுகிறவருக்கு?

தளைநாரைக் காலில் மாட்டி, நெஞ்சை மரத்தில் உரசி, ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையைத் தினமும் சீவாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். அதனால் விடுப்பு கிடையாது. இப்படிப் பல மரம். தவறி விழுந்தவர்கள் இல்லாத பனையேறி ஊர் இருக்காது. கீழே விடிலியில் பெண்கள் பாடு வேறு. சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து ஊற்றிய பதனீரை, ஓலையும் உடைமுள்ளும் எரித்து மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதனீர் வற்ற வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள் போகிறது. நம் ஆரோக்கியத்துக்காக நாம் வாங்குகிற பொருளில் அவர்கள் நுரையீரலும் சேர்ந்திருக்கிறது. அட்டையில் அதை யாரும் அச்சடிப்பதில்லை.

இதோடு சாதி வசவும் சேர்ந்திருந்தது. ‘பனையேறி’ என்பது தொழிலின் பெயராக மட்டும் இருந்ததில்லை, ஏச்சாகவும் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து வெளியேறியதை ‘பாரம்பரியம் அழிகிறது’ என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஐயா, நீங்கள் ஏறுங்களேன்.

அதனால்தான் அந்தச் சின்னப் பொய்யோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. உடம்புக்கு மருந்து என்று நம்பி வாங்குகிறவர் பேரம் பேசுவார். மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவார். மலிவுச் சரக்குக்குத்தான் சீனி கலக்கிறார்கள். நேர்மையாகக் காய்ச்சுகிற விடிலிக்கு அதில் கட்டுப்படியாகாது. நாளைக்கே ‘இதுவும் சர்க்கரைதான்’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வாங்கியவர் அடுத்த அதிசயத்துக்குத் தாவிவிடுவார். அப்போது பனையைக் காப்பாற்ற நம்மிடம் என்ன வாதம் மிஞ்சும்? இது இனிப்பு, கொஞ்சமாகச் சாப்பிடு, ஆனால் ஏறியவருக்கும் காய்ச்சியவருக்கும் உரிய விலையைக் கொடு என்று சொல்லி விற்றால் விற்பனை குறையலாம். குறையட்டும். கால் கிலோவுக்கு ஒரு கிலோ விலை கொடுக்கிற ஆள், ஒரு கிலோவைக் கால் விலைக்குக் கேட்கிறவரைவிட அந்த மரத்துக்கு உதவியானவர்.

ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனைக்கென்றே ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது. 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது. மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல காரியம். ஆனால் கொட்டை ஊன்றினால் பாளை விடப் பதினைந்து வருஷம்கூட ஆகும். ஏறுகிற கருவி, புகையில்லா அடுப்பு, விழுந்தால் குடும்பத்துக்குக் காப்பீடு என்று மீதி வேலைக்கெல்லாம் கையில் இருக்கிற காலமும் அந்தப் பதினைந்து வருஷம்தான். 2021இல் ஊன்றியவற்றில் தப்பிப் பிழைத்த கன்றுகள் இப்போது ஓலை விரித்து நிற்கும். ஏறுகிற உயரம் இன்னும் வரவில்லை.