விரிச்சி: கன்றுக்குச் சொன்னது, காத்திருந்தவளுக்கும் ஆச்சு

ஓம் சரவணபவ! 🙏


இன்னைக்கு ஒரு பழைய சொல்லைப் பார்ப்போம்: விரிச்சி. ஒரு காரியம் நல்லபடியா முடியுமான்னு மனசுல நினைச்சுக்கிட்டு ஊர்ப்பக்கம் போய் நிக்கணும். யாரோ தற்செயலா பேசுற வார்த்தை காதுல விழும். அதையே தெய்வ வாக்கா எடுத்துக்குவாங்க. இதுக்கு 'விரிச்சி நிற்றல்'னு பேர். தொல்காப்பியத்துல வெட்சித்திணையிலயே இந்தச் சொல் இருக்கு.

பத்துப்பாட்டுல முதல் நூல் நம்ம முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படை. அதே தொகுப்புல மிகச் சின்னது, நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, 103 அடிதான். தலைவன் போருக்குப் போயிருக்கான். மழைக்கால மாலை. வயசான பெண்கள் நாழி நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு, விரிச்சி கேட்டு நிக்கிறாங்க. அங்கே ஒரு ஆயர் பெண். குளிருக்குக் கையைத் தோளோட கட்டிக்கிட்டு, தாயைக் காணாம தவிக்கிற கன்றுகிட்ட, "உங்கம்மா இப்ப வந்துடுவாங்க"ங்கிறா. அவங்களுக்கு அது போதும். தலைவிகிட்ட வந்து, "உன் தலைவன் ஜெயிச்சு வருவான்"னு தேத்துறாங்க. அவனும் வந்துடுறான்.

இங்கே கவனிக்கணும். அந்தப் பொண்ணு குறி சொல்லல. தன் பேச்சை யாரோ கேக்கிறாங்கன்னே அவளுக்குத் தெரியாது. பொய்யும் சொல்லல, சாயங்காலம் மாடு வீடு திரும்பும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சதை அன்பா சொன்னா. தெய்வம் அந்த அன்பையே வாக்கா எடுத்துக்கிச்சு.

குறுந்தொகை 218-ல ஒரு தலைவி, நேர்த்திக்கடனும் இல்ல, பறவை நிமித்தமும் பாக்கல, விரிச்சிக்கும் நிக்கலங்கிறா. அவ்வளவு ஆழமான ஏக்கம்! அப்படிப்பட்டவங்க நம்ம பக்கத்துலயும் இருக்காங்க. வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கு. எல்லையில இருக்கிற பிள்ளையோட போனுக்குக் காத்திருக்கிற அம்மா, குன்னூர் பஸ்ல நம்ம பின்சீட்லயே உக்காந்திருக்கலாம். "அங்க நிலைமை ரொம்ப மோசமாம்"னு நாம சும்மா பேசுறது அவங்களுக்கு விரிச்சி ஆயிடும். ஆஸ்பத்திரி வராண்டாவுலயும், வேலை போன நண்பன் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்லயும் இதே கதைதான்.

அதனால, "எனக்கு எப்ப நல்ல வாக்கு கிடைக்கும்"னு தேடுறதோட நிறுத்தாம, நம்ம வாய்ல வர்றது யாருக்கு வாக்காகும்னும் யோசிப்போம். பொய்யான ஆறுதல் வேண்டாம். தெரிஞ்சதை அன்பா சொன்னா போதும். இந்தக் கிருத்திகைக்கு, காத்திருக்கிற ஒருத்தருக்காவது போன் பண்ணுங்க. நம்ம நாக்குல கந்தன் குடியிருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚