அமைச்சர்கள் சொன்ன பரிகாரம்

புனே கல்யாணி நகரில் 2024 மே 19 அதிகாலை, பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு ஐடி ஊழியர்கள் இறந்தார்கள். இருவருக்கும் வயது 24. அன்றைக்கே சிறார் நீதிக் குழுமம் பையனுக்கு ஜாமீன் கொடுத்தது. தாத்தா கொடுத்த உறுதிமொழியை ஏற்றுக்கொண்டார்கள். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாடே கொதித்தது. சிறார் நீதிச் சட்டமே பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் என்றார்கள்.

நன்னடத்தை அலுவலராகப் பல வருஷம் இருந்தவள் நான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் சேர முடியவில்லை. அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க முடியாது என்று 2025 ஜூலையில் குழுமம் சொன்னதும் சரியென்றே நினைக்கிறேன். பதினேழு வயதில் யாரும் முடிந்துபோனவர் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது கட்டுரை அல்ல, ரத்தம். மருத்துவமனையில் எடுத்த பையனின் ரத்தத்தை எறிந்துவிட்டுத் தாயின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. டாக்டர்களும் பெற்றோரும் கைதானார்கள். பழியை ஏற்கும்படி டிரைவரை மிரட்டியதாகத் தாத்தா மேலும் வழக்கு. இதெல்லாம் உண்மையென்றால், அந்தக் குடும்பம் பிள்ளைக்குச் செய்ததைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் பையன்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் செய்யல மேடம், கூட வந்தவன்தான்." பேசிப் பேசி, என்றைக்கோ ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு "நான்தான்" என்பான். திருத்தம் அங்கேதான் தொடங்கும். அந்தச் சொல்லைப் பிள்ளை வாயிலிருந்து காசு கொடுத்துப் பிடுங்கிவிட்டால், பிறகு எந்தக் கவுன்சலிங்கும் அவனிடம் சேராது.

பெரியபுராணத்தில் திருவாரூர் இளவரசன் தேரேற்றிக் கன்றைக் கொன்றான். அப்பாவான சோழனுக்குத் தெரிவதற்குள் பரிகாரம் செய்துவிட அவனே நினைத்தான். அமைச்சர்களும் பரிகாரமே போதும் என்றார்கள். சோழன் கேட்டது இதுதான்: வேறொருவன் கொன்றிருந்தால் இப்படிச் சொல்வீர்களா? அதற்காக அவன் மகனைத் தேர்க்காலில் கிடத்தியதை என்னால் ஏற்க முடியாது. கதையில் இறைவன் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்தார். நம்மிடம் போன உயிர் போனதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் பார்த்த ஒரு பையன் பைக் திருடியவன். அம்மா வீட்டுவேலை செய்பவர், அப்பா இல்லை. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல், ஸ்கூல் பரீட்சை முடியும்வரை உள்ளே கிடந்தான். அவனைப் பார்க்க வந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போனது. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம் என்று 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

குழுமங்களில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: புனே பையனுக்குக் காட்டிய இரக்கத்தைக் குறைக்க வேண்டாம். தாத்தா இல்லாத பையனுக்கும் அதை அன்றைக்கே கொடுங்கள்.