கடனும் கணக்கும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இருபொருள் தருவது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய செயலும் கடன். நீத்தார் கடன், நன்றிக்கடன் என்னும் தொடர்களில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. பெற்றவர்க்கும் இறந்தவர்க்கும் பிறந்த மண்ணுக்கும் நாம் ஆற்றவேண்டியவற்றைக் கடன் என்றே நம் முன்னோர் வழங்கினர். அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. பணக்கடன் பணத்தால் தீரும். பற்றினால் பட்ட கடன் எதனால் தீரும்? அது தீராதபோது நெஞ்சை அரிக்கும் குற்ற உணர்ச்சியை நாம் என் செய்வது? ஊரை விட்டு வந்து வேற்று மண்ணில் வேர் பிடித்த குடும்பத்தினர் எவர்க்கும் இவ்வினா புதிதன்று.

இதனை நேர்நின்று ஆராய்ந்த புதினம் ஒன்று நாம் வாழும் இக்கன்னட நாட்டிலேயே தோன்றியது. யு. ஆர். அனந்தமூர்த்தி எழுதி 1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘சம்ஸ்காரா’ அது. ஆசிரியர் தீர்த்தஹள்ளி வட்டத்து மேளிகே என்னும் சிற்றூரில் 1932இல் பிறந்தவர். நம் மைசூரு மகாராஜா கல்லூரியில் பயின்றவர். மைசூருப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். எனினும் இப்புதினத்தை அவர் எழுதியது, ஆராய்ச்சிப் பட்டத்திற்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தங்கியிருந்த காலத்திலாகும். பிறந்த மேளிகே, கதைக்குள் தேர்த்திருவிழா நடைபெறும் ஊராக வருகின்றது. கடல் கடந்து சென்றவரையும் அவருடைய ஊர் விடவில்லை போலும்! இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1976இல் வெளியிட்டவர் ஏ. கே. இராமானுஜன். மைசூருவில் 1929இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகுக்கு அளித்தவரும் அவரே. ஆகவே இப்புதினத்திற்கும் மைசூருத் தமிழர்க்கும் உறவு உண்டு எனல் மிகையன்று.

கதையைச் சுருங்கக் காண்போம். துர்வாசபுரம் என்னும் அக்கிரகாரத்தில் நாரணப்பா என்பவன் காய்ச்சல் கண்டு இறக்கின்றான். ஆசாரங்களைக் கைவிட்டுப் புலாலும் மதுவும் உண்டு, சந்திரி என்பவளோடு வாழ்ந்தவன் அவன். ஊரார் அவனை வெறுத்தனர். ஆயினும் சாதியினின்று விலக்கவில்லை. எனவே அவனுக்கு ஈமக்கடன் ஆற்றும் பொறுப்பு அவர்களுடையதாயிற்று. பிணம் கிடக்கும்வரை எவரும் உணவு கொள்ளலாகாது. ஆயினும் முன்வருவார் இல்லை. சந்திரி தன் பொன் நகைகளைக் கழற்றி, இவற்றைக் கொண்டு கடனைச் செய்யுங்கள் என்று வைக்கின்றாள். மறுத்தவர்களின் கண்கள் பொன்மீது பதிகின்றன.

முடிவு கூற வேண்டியவர் கற்றறிந்த பிராணேசாச்சாரியார். அவர் ஏடுகளைப் புரட்டுகின்றார், மாருதி கோயிலில் வேண்டிக் கிடக்கின்றார், விடை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில், இருண்ட காட்டில், சந்திரியோடு கூடுகின்றார். அந்த ஓர் இரவில் அவருடைய பழைய வாழ்வு உடைந்துவிடுகின்றது. அக்கிரகாரத்தைக் கொள்ளைநோய் சூழ்கின்றது. மனைவி பாகீரதியும் இறக்க, அவளை எரியூட்டிவிட்டுக் கால்போன போக்கில் நடக்கின்றார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பாகீரதி தீரா நோயாளி. அதை அறிந்தே அவளை மணந்து, நாள்தோறும் நீராட்டி, உணவளித்துப் பேணியவர் ஆச்சாரியார். ஊரார் கண்ணில் அது பற்றுறுதியின் சிகரம். ஆனால் ஆசிரியர் அவருடைய நெஞ்சுக்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கின்றார். நோயாளியை மணந்ததால் தம் ஆன்மா பக்குவம் அடைகின்றது, வீடுபேறு அணுகுகின்றது என்னும் எண்ணம் அங்கே இருக்கின்றது. அப்பணிவிடை பொய்யன்று. அதனால் அவள் உயிர் வாழ்ந்தாள். ஆயினும் ஒவ்வொரு நாளும் ஒரு வரவு எழுதப்பட்டது. வரவு எழுதுபவர்க்கு ஒரு பிழை நேர்ந்தால், அது பிழையாக மட்டும் நில்லாது. இருப்பு முழுவதையும் துடைத்துவிடுகின்றது. ஆச்சாரியாரின் கலக்கம் மனைவிக்கு இழைத்த தீங்கைப் பற்றியது மட்டுமன்று. தம்மைப் பற்றித் தாம் எழுதி வைத்திருந்த கணக்கு அழிந்ததே என்னும் கலக்கமும் அதில் கலந்திருந்தது.

இதற்கு மறுபுறம் சந்திரியைப் பாருங்கள். சாத்திரம் விடை தருமென்று காத்திராமல், இரவோடு இரவாக அகமது பாரி என்னும் மீன் வணிகரிடம் செல்கின்றாள். முன்பொருகால் நாரணப்பா தமக்குப் பணம் தந்து உதவியதை நினைந்து அவர் உடன் வருகின்றார். இருவருமாய் உடலைக் கொண்டுசென்று எரித்துவிடுகின்றனர். ஊரே நடுங்கிய கடன் ஒரே இரவில் தீர்ந்தது. ஊரார்க்கோ ஆச்சாரியார்க்கோ அது தெரியாது. செய்தவர்களும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நேரில் கண்டறியாத கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருக்க வந்து சேர்ந்த பிசிராந்தையாரின் பற்றும் இவ்வினத்தைச் சேர்ந்ததே அன்றோ? அது கணக்கு வைக்காத பற்று.

‘பழமையை உதறிவிட்டால் இத்துன்பம் ஏது?’ என்று கேட்பார் உண்டு. அதற்கும் இப்புதினம் விடை கூறுகின்றது. எல்லாவற்றையும் உதறிய நாரணப்பா அந்த அக்கிரகாரத்தை விட்டுப் போகவில்லை. சாகும்வரை அங்கேயே இருந்து, அவ்வூராரைச் சீண்டியே வாழ்ந்தான். வெறுப்பும் ஒரு கயிறுதான். ஊரை விட்டு நடந்த ஆச்சாரியாரும் விடுபடவில்லை. வழியில் ஒட்டிக்கொண்ட புட்டா என்பவனை அவரால் உதற முடியவில்லை. மேளிகேத் திருவிழாவில் காணும் முகமெல்லாம் தம்மை அறிந்த முகமோ என்று அஞ்சுகின்றார். இறப்புத்தீட்டோடு கோயில் பந்தியில் அமர்ந்துவிட்டு அலைக்கழிகின்றார். இறுதியில், திரும்பிச் சென்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்து வண்டியேறுகின்றார். பின் என்ன நிகழ்ந்தது என்று ஆசிரியர் கூறவில்லை.

குற்ற உணர்ச்சி என்றதும் நமக்கு நினைவில் எழுபவன் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். தன் பிழை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் நீத்தான். அரசனுக்கு அது பெருமை. ஆனால் எளிய மாந்தராகிய நமக்கு அவ்வழி கிடையாது. நாம் மறுநாளும் எழுந்து அலுவலகம் செல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். நமக்கு உரியது ஆச்சாரியார் மேற்கொண்ட வழி: திரும்பிச் சென்று சொல்வது. அது எளிதன்று என்பதை யாம் அறிவோம்.

எம் தந்தையார் கும்பகோணத்திற்கு அருகே சிற்றூரில் நோயுற்றிருந்த நாளில், திங்கள்தோறும் முதல் வாரத்தில் தவறாமல் பணம் அனுப்பினோம். ஒருமுறை தொலைபேசியில், “ஒருதரம் வந்துட்டுப் போயேம்ப்பா” என்றார். விடுப்புக் கிடைக்கவில்லை என்று விடை கூறினோம். விடுப்பு இருந்தது. மாலையில் மைசூருவில் இரயில் ஏறினால் மறுநாள் காலை கும்பகோணத்தில் இறங்கலாம். எம்மைத் தடுத்தது அலுவலகம் அன்று. அந்த இருண்ட அறையையும் மெலிந்த உடலையும் காணும் அச்சமே. ‘பணம்தான் ஒழுங்காக அனுப்புகின்றோமே’ என்னும் எண்ணம் அந்த அச்சத்தை மூடி மறைத்தது. இருபது நாள் கழித்து ஈமக்கடன் செய்யவே சென்றோம். சடங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதன்பின் ஆண்டுகள் சில, அந்தப் பொய்யை எவரிடமும் கூறாமல் வைத்திருந்தோம். ‘சம்ஸ்காரா’வை மறுமுறை படித்து முடித்தபின்னரே, ஊருக்குச் சென்று அன்னையாரிடம் அதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, தந்தையார் கடைசி வாரத்தில் என்ன உண்டார், எவரைப் பெயர் சொல்லி அழைத்தார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவரை அவர் எம்மிடம் அவற்றைச் சொன்னதில்லை, யாமும் கேட்டதில்லை. கடன் தீர்ந்ததா என்றால், இல்லை. ஆனால் பூட்டிக் கிடந்த ஓர் அறை திறந்தது.

இறந்தகாலம் நம்மைப் பற்றி இழுப்பது தண்டிப்பதற்கு அன்று. நாம் பாராமல் விட்ட ஒருவரைப் பார்க்கச் செய்வதற்கே என்று கருதுகின்றோம். குற்ற உணர்ச்சியை அணிகலன்போல் பூண்டு திரிவதாலும் பயனில்லை. புதைத்து வைப்பதாலும் பயனில்லை. அது நம் கால்களை உரியவர் வாயிலுக்கு நடத்திச் சென்றால், அதன் பணி முடிந்தது.

நம் குடும்பங்கள் பலவற்றின் முதியோர் இன்றும் தஞ்சையிலும் சேலத்திலும் தருமபுரியிலும் தனித்து இருக்கின்றனர். அவர்க்கு நாம் அனுப்பும் பணம் வேண்டுவதே. அதனை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குக் கணக்கு எழுதாதிருப்போம். விடுப்புக் கணக்கில் நாள் இருக்குமாயின், அழைப்பு வருமுன்னரே புறப்படுவோம்.