விரலுக்கு மட்டும் தெரிய வேண்டியது

எழுதுகிறவரின் கைக்கு ஓயாமல் ஒரு கேள்வி இருக்கிறது: எழுத்து விழுந்ததா? கண்ணைக் கேட்டால் பதில் தாமதமாகத்தான் வரும், அது அடுத்த சொல்லைத் தேடிப் போயிருக்கும். காது உடனே சொல்லிவிடும். ஆனால் அந்தப் பதில் அறை முழுவதற்கும் கேட்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்கும் கேட்கும். விரலுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான் எழுதுகிறவருக்கு மட்டுமே உரியது. கீபோர்டுக்குச் சத்தமில்லாத டாக்டைல் (விரலுக்கு உணர்வு தரும்) ஸ்விட்ச் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் பதிலைக் காதிலிருந்து எடுத்து முழுவதுமாக விரலிடம் ஒப்படைப்பதற்கு.

*

கீபோர்டின் ஓசை எல்லாமே தவிர்க்க முடியாமல் வந்ததல்ல. தட்டச்சு இயந்திரத்தின் கூரான சத்தத்துக்குப் பழகிய கைகள் கணினி முனையங்களுக்கு மாறியபோது, அமைதி அவற்றைத் தடுமாற வைத்தது. அதனால் ஐபிஎம் தன் 3278 முனையத்தின் கீபோர்டுக்குள் ஒரு சாலினாய்டை வைத்தது. விசையை அழுத்தினால் மின்காந்தம் ஒரு சிறு உலோகத் தண்டை உதைத்து ‘டொக்’ என்று ஒலிக்கும். எழுத்து பதிவதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. எழுதுகிறவருக்கு உறுதி சொல்வதுதான் அதன் வேலை. 1985இல் வந்த மாடல் எம் கீபோர்டில் அந்த உறுதியை ஸ்பிரிங்கே கொடுத்தது. அழுத்த அழுத்தச் சுருங்கும் ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் மடிந்து, அடியிலிருக்கும் சிறு தகட்டைத் தட்டும். விரலுக்கு வரும் உணர்வும் காதுக்கு வரும் சத்தமும் அங்கே ஒரே நிகழ்ச்சி, ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியாது. மாடல் எம்மை நேசிப்பவர்கள் ஏன் அவ்வளவு ஆழமாக நேசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நள்ளிரவில் அதில் எழுதுகிறவர் வீட்டில் தனியாக இருந்தாக வேண்டும்.

*

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பினால் ஐந்தே பொருள்தான்: மேல் கூடு, கீழ் கூடு, சிலுவைத் தலையுள்ள தண்டு, ஒரு ஸ்பிரிங், மடித்த செப்புக்கலவைத் தகடு. தண்டின் பக்கத்தில் இரண்டு கால்கள். தண்டு இறங்கும்போது அந்தக் கால்கள் தகட்டை விட்டு விலகும், தகட்டின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொடும், மின்சாரம் பாயும். கால்கள் வழுவழுப்பாக நேராக இருந்தால் அது லீனியர். கால்களில் ஒரு மேடு இருந்தால் தகடு அதன் மீது ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் விரல் உணர்கிறது. அது டாக்டைல்.

சத்தம் இரண்டு இடங்களில் பிறக்கிறது. தண்டு கீழ் கூட்டின் தரையில் இடிக்கும்போது ஒன்று. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மேலே தள்ள, மேல் கூட்டின் கூரையில் இடிக்கும்போது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கீகேப் எனும் விசை மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் முதல் இடியை மட்டும் அடக்குகிறார்கள். மேலே திரும்பும் சத்தம் அப்படியே இருக்கும். சத்தமில்லா ஸ்விட்ச்சில் தண்டிலேயே மேலும் கீழும் மென்மையான திண்டுகள் பதித்திருப்பார்கள். இரண்டு இடிகளும் அவற்றில் அமுங்கிப்போகும்.

*

டாக்டைல் ஸ்விட்ச்சை அமைதியாக்குவது லீனியரை அமைதியாக்குவதைவிடக் கடினம். இதைப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்தது.

மேட்டைத் தாண்ட விரல் கூடுதல் பலத்தைத் திரட்டுகிறது. உச்சி தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று விழுகிறது. திரட்டிய பலமோ விரலில் அப்படியே இருக்கிறது. தசை அவ்வளவு வேகமாகத் தன்னைத் தளர்த்திக்கொள்ளாது. படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல, விரல் முழு எடையோடும் அடிவரை போகிறது. மேடு எவ்வளவு கூர்மையோ, இடியும் அவ்வளவு பலம். அதாவது எந்த உணர்வை விரும்பி டாக்டைலுக்கு வருகிறோமோ, அதுவே சத்தத்தையும் கூட்டுகிறது.

இதற்கு வழி இரண்டு. மேட்டுக்குக் கீழே ஸ்பிரிங் போதுமான பலத்தோடு நின்று விரலைத் தாங்க வேண்டும். அதையும் மீறி வருவதைத் திண்டு ஏற்க வேண்டும். திண்டை மட்டும் நம்பிய ஸ்விட்ச்கள் கொழகொழவென்று, ஈரமண்ணில் அழுத்துவது போலாகிவிடும். ஸ்பிரிங்கை மட்டும் பலப்படுத்தினால் ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் சோர்ந்துவிடும். நல்ல ஸ்விட்ச் என்பது இவ்விரண்டுக்கும் இடையில் யாரோ ஒருவர் பொறுமையாகப் பல முறை செய்து பார்த்துக் கண்ட அளவு. அந்தப் பொறுமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

*

விரல்நுனித் தோலுக்குள் தொடுகையை அறியும் நரம்பு முனைகள் ஒரே வகை அல்ல. மெர்க்கல் முனைகள் நிலைத்த அழுத்தத்தையும் விளிம்புகளையும் அறிபவை. மைஸ்னர் முனைகள் மெதுவான அதிர்வுகளையும் நழுவலையும் அறியும். ஆழத்தில் இருப்பவை பச்சினி முனைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபிலிப்போ பச்சினியின் பெயரால் அழைக்கப்படுபவை. விநாடிக்கு 250 முறை அளவிலான வேகமான அதிர்வுகளை அவை மிக நுட்பமாகப் பிடிக்கும்.

தண்டு கெட்டித் தரையில் இடிக்கும் அதிர்ச்சியில் இந்த வேகமான அதிர்வுகள் நிறைய உண்டு. திண்டு வைத்ததும் அவை போய்விடுகின்றன. சத்தமில்லா ஸ்விட்ச்சை முதன்முதலாகத் தொடுகிறவர்கள் ‘ஏதோ குறைகிறது’ என்று சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். காதுக்கு மட்டுமல்ல, விரலுக்கும் ஒரு செய்தி நின்றுபோயிருக்கிறது. மேடு அழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக வருவதால் அது மட்டும் தப்பிவிடுகிறது. அதனால் மேடு தெளிவாக இருந்தாக வேண்டும். மங்கலான மேடும் திண்டும் சேர்ந்தால் விரலுக்கு எதுவுமே மிஞ்சாது. 1994இல் வந்த செர்ரி பிரவுனின் மெல்லிய மேட்டை நான் குறை சொல்லமாட்டேன், அலுவலகங்களில் அது நன்றாகவே உழைத்திருக்கிறது. ஆனால் அந்த அளவு மேட்டின் மீது திண்டு வைத்தால் லீனியருக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவது கடினம்.

*

அமைதியான டாக்டைல் இன்றைய கண்டுபிடிப்பல்ல. 1990இல் ஆப்பிள் வெளியிட்ட எக்ஸ்டெண்டட் கீபோர்டு II, ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் திண்டு வைத்த டாக்டைல் ஸ்விட்ச்களைக் கொண்டது. கனடாவின் மட்டியாஸ் பின்னர் அதே ஆல்ப்ஸ் வழியில் தன் அமைதியான ஸ்விட்ச்சைச் செய்தது.

ஜப்பானில் இன்னொரு பாதை. கணினி அறிஞர் எய்இச்சி வாடா வரைந்த அடக்கமான விசையமைப்பை பிஎஃப்யு நிறுவனம் 1996இல் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டாகக் கொண்டுவந்தது. 2003இல் அதன் புரொஃபஷனல் வடிவம் டோப்ரே ஸ்விட்ச்களோடு வந்தது. அங்கே மேட்டைத் தருவது ஒரு ரப்பர் குவிமாடம். அதனடியில் கூம்பு வடிவ ஸ்பிரிங், உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் வேலையே இல்லை, மின்தேக்கத்தின் மாற்றத்தை வைத்து எழுத்து பதிகிறது. 2011இல் வந்த டைப்-எஸ் வடிவத்தில் அமைதிக்கான வளையங்களைச் சேர்த்தபோது விசையின் பயணம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.8 ஆகக் குறைந்தது. 0.2 மில்லிமீட்டரைக் கொடுத்து அமைதியை வாங்கியிருக்கிறார்கள். நியாயமான விலை.

*

எம்எக்ஸ் வடிவத்துக்கான காப்புரிமை முடிந்தபின் பலரும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அமைதியான டாக்டைல்களில் இன்று பேசப்படுபவை ஜீல்பிசியின் ஜைலென்ட், கஸ்ஸூவின் போபா யு4, டியூராக் ஷ்ரிம்ப், விலை குறைந்தவற்றில் அவுட்டெமு சைலன்ட் லைம்.

இவற்றின் மீது எழுதியிருக்கும் கிராம் எண்களை ஒப்பிடும்போது நிதானம் தேவை. செர்ரி தன் பிரவுனுக்குச் சொல்லும் 55 சென்டிநியூட்டன், எழுத்து பதியும் வழியில் விரல் தர வேண்டிய பலம். யு4க்குச் சொல்லும் 62, 68 கிராம், ஜைலென்டுக்குச் சொல்லும் 62 முதல் 78 கிராம் எல்லாம் விசை அடியைத் தொடும்போது ஸ்பிரிங் காட்டும் பலம். வேறு வேறு இடத்தில் அளந்தவை. 62 என்பது 55ஐவிடக் கனமானது என்று எண்ணிக்கொண்டு வாங்குவதில் பொருளில்லை.

யு4இன் மேடு விசையின் உச்சியிலேயே தொடங்கி, உருண்டு, நிதானமாக இறங்குகிறது. கூர்முனை இல்லை. அடியில் திண்டு அமுங்குவதும் மிதமாகவே தெரிகிறது. எனக்கு 68 கிராம் பிடித்திருக்கிறது. அதற்கு நான் எழுதும் மொழியும் ஒரு காரணம்.

*

தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் மெய்க்குத் தனியாகப் புள்ளி வைக்க வேண்டிய இடங்கள் குறைவு. ஒரே உயிர்மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ. உயிர்கள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். தமிழில் க்க, த்த, ப்ப இல்லாத வரி அரிது. ஆகவே வலது கையின் விரல்கள் ஒரே விசையைத் திரும்பத் திரும்ப இரட்டையாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

இரட்டைத் தட்டலில் முக்கியம் விசை இறங்குவதல்ல, ஏறுவது. தகடுகள் பிரியும் இடத்தைத் தாண்டி அது மேலே வந்தால்தான் இரண்டாவது தட்டல் இரண்டாவது எழுத்தாகும். மெலிந்த ஸ்பிரிங்கும் ஒட்டிக்கொள்ளும் திண்டும் சேர்ந்த ஸ்விட்ச்சில் ‘பக்கம்’ அவ்வப்போது ‘பகம்’ ஆகிவிடும். சற்றுக் கனமான ஸ்பிரிங் விரலைத் தானே தூக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 62 போதும் என்று சொல்வதை நான் ஏற்கிறேன். தமிழ்99இல் நீளமாக எழுதுகிறவர்களுக்கு 68ஐயே சொல்வேன்.

*

பெரிய சத்தம் போனதும் சிறியவை எழுகின்றன. அதுவரை கேட்காத ஸ்பிரிங்கின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஸ்பேஸ் பாருக்கு அடியிலுள்ள ஸ்டெபிலைசர் கம்பியின் கடகடப்பு மற்ற எழுத்துகளைவிடப் பல மடங்கு உரக்க ஒலிக்கும். உண்மையில் அந்தக் கம்பி முன்பு போலத்தான் ஒலிக்கிறது, அதை மறைத்திருந்தவை மறைந்துவிட்டன. மனம் அடங்கும்போது நடப்பதும் இதுதான் என்று தியானத்தில் உட்கார்ந்து பழகியவர்கள் அறிவார்கள்.

கம்பியின் முனைகளுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் போதும், ஸ்பிரிங்குக்குச் சில துளி எண்ணெய். தண்டின் கால்களை மட்டும் தொடாமல் விட வேண்டும். அங்கே கிரீஸ் தடவினால் மேடு வழுக்கிக் காணாமல் போகும், அதற்காகத்தானே இவ்வளவும். மற்ற இடங்களுக்கும் டிரைபோசிஸ் 3203 போன்ற மெல்லிய கிரீஸ், தூரிகை நுனியில் எடுத்த அளவு போதும். கூட்டுக்குள் ஒரு நுரைத் தாள், கீபோர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணி. ஸ்விட்ச்களைப் பிடித்திருக்கும் தட்டு எஃகாக இருப்பதைவிட பாலிகார்பனேட்டாக இருந்தால் ஓசையை மெல்லியதாக்கும்.

இந்த வேலையைச் செய்ய ஒரு மாலை முழுவதும் போகும். ஒவ்வொரு ஸ்விட்ச்சாகத் திறந்து, தடவி, மூடி, காதருகே வைத்துக் கேட்டு அடுத்ததுக்குப் போவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை அவசரமாகச் செய்ய வேண்டாம்.

*

அமைதி பிறருக்காக என்று சொல்வது எளிது. தூங்குகிற குழந்தை, பக்கத்து மேசைக்காரர், அழைப்பின் மறுமுனையில் இருப்பவர், எல்லாம் உண்மைதான். ஆனால் எழுதுகிறவருக்கே அதில் கிடைப்பது அதிகம். சத்தம் எழுதும் வேகத்தைக் காதுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். வேகமாக ஒலித்தால் நன்றாக எழுதுகிறோம் என்ற நினைப்பு வரும், நின்றால் தயக்கம் கேட்கும். சத்தம் இல்லாதபோது நிறுத்தம் நிறுத்தமாக உறுத்துவதில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் விரலை விசைமேல் வைத்தபடி எவ்வளவு நேரமும் யோசிக்கலாம்.

*

வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையிலோ நண்பர் கையிலோ தனி ஸ்விட்ச்சை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தட்டில் பொருத்தாத, கீகேப் இல்லாத ஸ்விட்ச்சின் ஓசையும் உணர்வும் வேறு. கவனித்து அழுத்தும் விரலும் எழுத்தில் ஆழ்ந்திருக்கும் விரலும் ஒன்றல்ல. சாலிடர் தேவைப்படாத, ஸ்விட்ச்சைக் கழற்றி மாட்டக்கூடிய கீபோர்டாகப் பாருங்கள். இரண்டு வகையில் சில ஸ்விட்ச் வாங்கி, நடுவரிசையில் இடது கைக்கு ஒரு வகையும் வலது கைக்கு மற்றொன்றுமாக மாட்டி, உங்கள் மொழியில், உங்கள் வழக்கமான வேகத்தில், இரண்டு பக்கமாவது எழுதிப் பாருங்கள். எந்தக் கையிலிருந்த ஸ்விட்ச்சை மறந்து எழுதினீர்களோ, அதையே மீதி விசைகளுக்கும் வாங்குங்கள்.