எரிகோ சாலையும் 108 வண்டியும்



லூக்கா 10-ம் அதிகாரத்துச் சமாரியனை நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனாலும் அவன் செய்ததை வரிசையாய்ப் பாருங்க. கிட்டே வந்தான், காயத்தைக் கட்டினான், தன் மிருகத்தின்மேல் ஏற்றினான், சத்திரத்திலே சேர்த்துக் கைக்காசும் கொடுத்தான். முதலுதவி, வண்டி, ஆஸ்பத்திரி, செலவு, நாலும் அங்கே இருக்கிறது. (காயம் கட்டுகிற துணியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் ஓடுவதே பேண்டேஜ் துணிதான்.)

நம்ம சேத்தூர் வழியாய்ப் போகிற திருமங்கலம் – கொல்லம் ரோடும் ஓர் எரிகோ சாலைதான். அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்து ஜனங்கள் ஏன் விலகிப் போகிறார்கள்? போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்கிற பயம். பிரியமானவர்களே, உதவி செய்கிறவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்தாயிற்று. பேர், விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படிப்பட்டவருக்குச் சட்டம் வைத்த பேர் என்ன தெரியுமா? ‘நல்ல சமாரியன்’! பார்லிமெண்டுக்கு லூக்கா 10 தெரிந்திருக்கிறது, சபைக்குத் தெரியவேண்டாமா?

தமிழ்நாட்டிலே 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பர் 15-ல் துவங்கியது. காசு கிடையாது. அந்த எண்ணைக் கேட்டாலே முகம் சுளிக்கிற விசுவாசிகளும் உண்டு. போன் நம்பர் போன் நம்பர்தானப்பா! ஊர், தெரு, பக்கத்து அடையாளம், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா, இவற்றைப் பதறாமல் சொல்லுங்கள். ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும், ஒருவர் டயல் பண்ணட்டும். சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியன்தானே.

ஆனால் அந்த வண்டியிலே ஆக்சிஜன் இருக்கும், குளுக்கோஸ் இருக்கும், இரத்தம் இராது. இஸ்ரவேலில் 1930-ல் டெல் அவிவில் துவங்கின ‘மாகேன் தாவீது ஆதோம்’ (தாவீதின் சிவப்புக் கேடயம் என்று அர்த்தம்) ஆம்புலன்ஸையும் இரத்தச் சேமிப்பையும் சேர்த்தே நடத்துகிறது. நமக்கு இது வேறு, அது வேறு. வண்டி போய்ச் சேருமுன்னே இரத்த வங்கியில் இரத்தம் இருந்தாகவேண்டும். சிவப்பணுக்கள் அதிகமாய்ப் போனால் 42 நாள் நிற்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். இரத்தத்தைக் காசுக்கு விற்கிறதும் 1998 ஜனவரியோடு சட்டப்படி நின்றுபோயிற்று. யாரோ ஒருவர் இலவசமாய்க் கொடுத்தால்தான் உண்டு.

“அப்போஸ்தலர் 15-ல் இரத்தத்திற்கு விலகச் சொல்லியிருக்கிறதே, பாஸ்டர்?” என்று கேட்கிறார்கள். அங்கே பேச்சு புசிக்கிறதைப் பற்றியது. பிரசவத்திலே உதிரம் கொட்டித் துடிக்கிற ஒரு தாயைப் பற்றியது அல்ல.

இன்னொரு பயம், சாத்தூர். 2018 டிசம்பரில், நம் மாவட்டத்திலேயே, ஒரு கர்ப்பிணிச் சகோதரிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த வாலிபன் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் காரியம் தெரிந்து, தானே ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த வாலிபன் அந்த மாதம் முடியுமுன்னே உயிரை மாய்த்துக்கொண்டான். பரிசோதனையில் தவறினது யாரோ, வெட்கத்தைச் சுமந்தது அவன். உண்மையைச் சொன்ன அந்த மகனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளை நம் சபைக்குள் வந்து உண்மையைச் சொன்னால், பக்கத்திலே உட்கார இடம் கொடுப்போமா?

அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதிருங்கள். கொடுக்கிறவருக்குப் புது ஊசிதான், நோய் ஒட்டாது. ஆனால் அங்கே கேட்கிற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: மஞ்சள் காமாலை வந்ததா, மருந்து சாப்பிடுகிறீர்களா, நடத்தையில் தப்பு உண்டா. கிருமி புதிதாய் நுழைந்திருந்தால் சில நாள் பரிசோதனைக்கும் அகப்படாது. மனச்சாட்சிதான் அங்கே காவல்.

18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்திற்கு ஒருமுறை, சகோதரிகள் 4 மாதத்திற்கு ஒருமுறை. நம் வாலிபர்கள் தங்கள் இரத்த வகையை எழுதிச் சபைச் செயலாளரிடம் கொடுத்துவையுங்கள். போகிற அன்று வெறும் வயிற்றோடு போகவேண்டாம். உபவாச ஜெப நாளாயிருந்தால், மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.