அலங்கரித்தேன், ஆராயவில்லை

இந்த மாதம் என் சொந்த வெட்கத்தையே உங்களுக்குச் செய்தியாகக் கொண்டுவருகிறேன்.

என்னிடம் 1998 மாடல் புல்லட் 350 ஒன்று இருக்கிறது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மொத்தம் நாலே கியர். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த புல்லட், மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாய் நம் சென்னைக்கு வந்தது. இதில்தான் நானும் என் மனைவியும் கிராமம் கிராமமாய் ஊழியத்துக்குப் போவோம்.

2019-ல் தூரப் பயணத்துக்கென்று வண்டியை ஜோடிக்க ஆசை வந்தது. உயரமான ஹேண்டில்பார், கிராஷ் கார்டு, 55 வாட்ஸ் ஹாலஜன் லைட் இரண்டு, பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. கையிலிருந்த காசெல்லாம் அதிலேயே போச்சு. மெக்கானிக் தம்பி கேட்டார்: "பாஸ்டர், பின் பிரேக் ஷூ தேய்ஞ்சிருக்கு, மாத்திடலாமா?" நான் சொன்னேன்: "போயிட்டு வந்து பார்த்துக்கலாம் தம்பி." பிரியமானவர்களே, இந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையால் எத்தனை ஆத்துமாக்கள் மோசம்போனார்கள்!

அந்த மே மாதம் கொல்லிமலையில் கூட்டம். முடித்துவிட்டு இறங்குகிறோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டி நிறைய பாட்டுப் புத்தகம், கம்பளி, மைக் செட். நான் மூன்றாம் கியரில், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்கினேன். பாதி மலையில் பிரேக்கை மிதிக்கிறேன், பிடிக்கவில்லை! கியரைக் குறைத்தேன், முன் பிரேக்கை அழுத்தினேன், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்ணில் வண்டியைச் சாய்த்தேன். எனக்குச் சிராய்ப்பு. என் மனைவியின் முழங்கால் உடைந்தது. அந்த வலியிலும் அவர்கள் சொன்னது ஒன்றே: "வண்டிக்கு நகை போட்டீங்க, மருந்து போடலையே."

பிறகு அந்தத் தம்பி உட்காரவைத்து விளக்கினார். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி லைனர் பிடிப்பை இழக்கும். தேய்ந்த ஷூ என்றால் கேட்கவே வேண்டாம். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்க வேண்டும், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பாரத்தைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கனமான சாமான் தாழ்வாய், நடுவுக்குச் சமீபமாய் இருக்க வேண்டும். உயர்ந்த ஹேண்டில்பார் கிளட்ச் கேபிளை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு லைட்டும் சேர்ந்து 110 வாட்ஸ். 12 வோல்ட் வண்டியில் அது 9 ஆம்பியருக்கு மேல். பழைய வண்டி அவ்வளவு கரண்டுக்கு எங்கே போகும்? பேட்டரிதான் வற்றும்.

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சவுலின் ஆயுதவர்க்கம் விலையேறப்பெற்றதுதான். ஆனால் பழக்கமில்லாததை தாவீது களைந்துபோட்டார். நானோ அடுத்தவன் வண்டியில் பார்த்ததையெல்லாம் என் வண்டியில் மாட்டினேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் குறித்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வண்டிக்கே உண்டாக்கினவரின் அளவு உண்டென்றால், நமக்கு இல்லையா?

இப்போது ஹாலஜன் லைட்டையும் உயர்ந்த ஹேண்டில்பாரையும் கழற்றிவிட்டேன். பெட்டியில் பாதி பாரம்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிறேன். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்கிறேன். செயின் தளர்வைப் பார்க்கிறேன். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாய்த் தட்டுகிறேன். தளர்ந்த கம்பி சத்தத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நட்டு, போல்ட்டை முறுக்குகிறேன், புல்லட்டின் அதிர்வில் அவை தளரும். டாப்பெட்டை மட்டும் இன்ஜின் நன்றாய் ஆறின பிறகே பார்ப்பேன். சூட்டில் பார்த்தால் அளவு தப்பும். வீட்டில் சண்டையா? சபையில் மனஸ்தாபமா? சூட்டிலே சரிபண்ணப் போகாதீர்கள். ஆறவிட்டு, ஜெபித்து, பிறகு பேசுங்கள்.

தேவ பிள்ளைகளே, நம் ஜீவியத்திலும் வெளியே மாட்டுவதற்குக் குறைவில்லை. வெள்ளை உடுப்பு, உரத்த துதி, மேடையில் சாட்சி. உள்ளே எது தேய்ந்திருக்கிறது? தனி ஜெபமா? வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும் உண்மையா? பிள்ளையிடம் பேசும் வார்த்தையா? மேட்டில் ஏறும்போது தேய்ந்த பிரேக் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். அப்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

என் மனைவியால் இன்றைக்கும் முழங்கால்படியிட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிக்கிறார்கள். என்னை மன்னித்துவிட்டார்கள், ஆண்டவரும் மன்னித்தார். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அந்த நாற்காலியைப் பார்க்கும்போது, நான் தள்ளிப்போட்ட அந்தச் சின்னச் செலவு என் முன்னே நிற்கிறது.

நீங்கள் தள்ளிப்போட்டது எது? ஆவியானவர் உணர்த்துகிற அந்த ஒரு காரியத்தை இன்றைக்கே சரிசெய்யுங்கள். மலை இறங்குவதற்கு முன்னே செய்யுங்கள். கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.