வள்ளல் என்றால் நல்லவனா?

பரமத்தி வேலூர்க் காவிரிக் கரையில் ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் கூடும் அதே நாட்களில், நாமக்கல் மாவட்டத்தின் மறுகோடியில், கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்று கடையெழு வள்ளல்களையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஓரியைக் கொன்றவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை. அதே பட்டியலில் அவனுக்கு முன்னால் நிற்கும் காரிதான். கொன்று, அவன் ஆண்ட கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்கிறது அகநானூறு. ஏழு பேரையும் வரிசையாகப் போற்றும் சிறுபாணாற்றுப்படையே ஓரியைக் காரியோடு போரிட்டவன் என்றுதான் அடையாளம் காட்டுகிறது. கொடையைப் பாடிய இடத்திலேயே நல்லூர் நத்தத்தனார் அந்தப் போரையும் வைத்தார். வகுப்பறையில் அதை உருவி எடுத்துவிட்டு, வள்ளல் என்றால் நல்லவன் என்ற எளிய சமன்பாட்டை மட்டும் கையில் கொடுக்கிறோம். ஈகை பேரறம்தான். ஆனால் ஓர் அறத்தில் உயர்ந்து நிற்பவன் எல்லா அறத்திலும் அப்படியே நிற்பான் என்று நம் இலக்கியம் எங்கும் உறுதி சொல்லவில்லை.

அந்தக் காலத்து மன்னனை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேகன் விஷயத்தில் அதற்கு விடை இருக்கிறது. மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்த பேகனைக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பரணரின் பாட்டைக் கிட்டே வைத்துப் பாருங்கள். மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கிப் போர்வை தந்தவனே என்றுதான் விளிக்கிறார். அடுத்து, பசித்து வரவில்லை, சுமக்கும் பாரமும் இல்லை, தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், நாங்கள் இரப்பது அது ஒன்றுதான் என்கிறார். பறவையின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு வீட்டிலிருப்பவளின் கண்ணீர் தெரியவில்லையே என்ற கேள்வி, பாராட்டுக்குள்ளேயே இருக்கிறது. அளவுகோல் நம்முடையது அல்ல, பரணருடையது.

சின்ன வயதில் முன்மாதிரிகள் வேண்டும், குறைகளைக் காட்டினால் பிடிப்பு போய்விடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதும் புரிகிறது. ஆனால் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பவரே வாய்க்கால் தண்ணீருக்காகப் பங்காளியோடு வழக்காடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதைப் பாடம் மறைத்தால், பாடத்தின் மேல்தான் நம்பிக்கை போகும்.

காரியின் கதை இன்னும் கடினம். பேகனைக் கேட்டதுபோல் காரியைக் கபிலர் கேட்கவில்லை. புறநானூற்றில் அவன் கொடையை வியந்து பாடுகிறார். அதே கபிலர்தான் நற்றிணையில், ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலை ஓர் உவமையாக வைக்கிறார். கண்டிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் கபிலர்மலை என்றே ஒரு மலை நிற்கிறது. அன்று ஓரியின் அந்தத் தெருவில் நின்றவர்களின் கண்ணுக்குக் காரி யாராகத் தெரிந்திருப்பான் என்று அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் யோசித்து எழுத ஒரு முழுப் பக்கம் விடலாம்.